முதுகில் இருக்கும் பெண்

ஃபொர்த்தலேசா
11 மார்ச் 2019

எட்வான்,

சொல்லாமல் கிளம்பிவிட்டேன். சொல்லியிருந்தால் நீ வண்டிக்கு முன்னால் நின்றிருப்பாய், உன் பெண்டாட்டி மார்லூசியா அழுதிருப்பாள், வேடிக்கை பார்க்க கமுருப்பிம் கடற்கரையே திரண்டிருக்கும். அதனால் நீ காலை வகுப்புக்குப் போகிற நேரம் பார்த்து நோனாட்டோ அண்ணனின் வண்டியில் ஏறினேன். கோழிக் கூண்டுகளை நகர்த்தி என் காலை நீட்ட இடம் பண்ணிக் கொடுத்தார். "உன் கூண்டையும் இதோட வச்சுக்க தாயி, நான் கணக்கு மாறாம இறக்கிவிடுறேன்" என்றார். காலைச் சுற்றி எலும்போடு திருகி வைத்திருக்கும் இந்த இரும்பு வளையங்களுக்கு ஆஸ்பத்திரியில் என்ன பெயரோ, நம் ஊரில் கூண்டு என்றே ஆகிவிட்டது.

இப்போது அக்கா ஐராசி வீட்டில் இருக்கிறேன். உன் எண்ணை போனில் தடுத்து வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் சிரித்துவிடுவேன், சிரித்தால் திரும்பி வந்துவிடுவேன். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுது. நோனாட்டோ அண்ணன் கொண்டுவருவார்.

ஏன் என்று கேட்பாய். போன வாரம் பரிசோதனைக்கு வந்தேன் இல்லையா, அங்கே காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க அந்த முதுகுல இருக்கிற பொண்ணுதானே?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்துக் காட்டினாள். பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் ஓடக் கற்றுக்கொடுக்கிற நம் பள்ளிக்கூடத்தின் விளம்பரம். நீ என்னை முதுகில் சுமந்துகொண்டு கடலைப் பார்த்து நடக்கிறாய். என் கூண்டுக் கால் உன் இடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே பெரிய எழுத்தில், "எங்கள் பள்ளி தன் ஆட்களைக் கைவிடாது."

உன் வீட்டில் சோறு தின்றுகொண்டு இத்தனை மாதம் நான் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். நம் கடற்கரையில் இருப்பது ஒரே ஒரு சட்டம். யார் பட்டத்தைப் பிடித்து ஏற்றிவிடுகிறாரோ அவர்தான் கரையில் நின்று அதை இறக்க வேண்டும். அன்றைக்கு என்னை ஏற்றிவிட்டது நீ. காற்று முறுக்கிக்கொண்ட பிறகு நான் கரைக்கு வந்து, இறக்கு என்று தலையில் தட்டிக் காட்டினேன். நீ இல்லை. போனும் கையுமாக நாலு வெளிநாட்டுக்காரர்கள்தான் நின்றார்கள். நான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து அவர்களும் தலையில் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டேதான் நான் மணலில் இழுபட்டுப் போய், கரையில் ஏற்றி வைத்திருந்த கட்டுமரத்தில் மோதினேன்.

கைவிடாது என்று எழுதியிருக்கிறார்கள். உனக்குக் கூச்சமாக இல்லையா?

ஜண்டீரா

*

கமுருப்பிம்
15 மார்ச் 2019

என் மகளின் ஞானத்தாய்க்கு,

வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் உன் தூளிப்படுக்கை காலி. நீ நொண்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாயோ என்று பயந்து பின்கட்டு, கிணற்றடி, மணல்மேடு எல்லாம் ஓடினேன். கடைசியில் மார்லூசியாதான் சொன்னாள்: "அவ துணிப்பை இல்லையே, பல் விளக்குற பிரஷ்ஷும் இல்லையே. செத்துப்போறவ பிரஷ்ஷ எடுத்துட்டா போவா?" உன் தோழிக்கு மூளை இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

அந்தப் படத்தை எடுத்தது பள்ளிக்கூட முதலாளியின் மனைவி. விளம்பரத்தில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. போட்ட பிறகு தெரியும். நீக்கச் சொன்னால் நீக்கியிருப்பார்கள், நான் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் எங்கெங்கிருந்தோ உனக்காக ஆட்கள் எழுதுகிறார்கள், மருந்து அனுப்புகிறார்கள். உன் முகமும் பெயரும் போட்ட சட்டையை அடுத்த கிராமத்துப் பையன்கள்கூடப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

அன்றைக்கு நான் ஏன் அங்கே இல்லை என்று உனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். என்னிடம் படிக்க வந்த அந்த பெல்ஜியக்காரனின் பட்டம் மீன்பொறிக் கம்பங்களில் மாட்டி, கயிறு அவன் கழுத்தைச் சுற்றிவிட்டது. நான் போகாமல் இருந்திருந்தால் நீ நல்ல காலோடு இருந்திருப்பாய், அவன் உயிரோடு இருந்திருக்க மாட்டான். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

நீ வாய் திறக்கவில்லை என்கிறாய். நானும் திறக்கவில்லை. காலையில் எழுந்ததும் உன் காலில் திருகு இறங்குகிற ஒவ்வொரு ஓட்டையையும் உப்புநீரால் கழுவினேன். நீ வலியில் என் காதைப் பிடித்து முறுக்கினாய். குளியலறைக்குத் தூக்கிப் போனேன். "பெண்டாட்டிக்கு இப்படிப் பண்ணியிருப்பியாடா?" என்று நம் பள்ளிக்கூடத்து ஷிக்கோ கேலி பண்ணினான். பண்ணியிருக்க மாட்டார் என்று மார்லூசியாவே சொன்னாள்.

வெட்டவெளிச்சமாகச் சொல்கிறேன். நீ போனது எனக்குக் கோபம் இல்லை, அவமானம். கடற்கரையில் ஒவ்வொருவனும் கேட்கிறான். பரிசோதனைக்குப் போயிருக்கிறாள் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மழை விட்டதும் கனிந்தே என்கிற அந்தக் கோயில் ஊருக்குப் போகிறேன். நடந்தே. உன் கால் தேறினால் மரத்தில் ஒரு கால் செதுக்கி புனித பிரான்சிஸ் கோயிலில் கொண்டுபோய்ப் போடுவதாக ஆஸ்பத்திரி வாசலிலேயே வேண்டிக்கொண்டேன். தச்சன் வேலையைத் தொடங்கிவிட்டான். உன் தூளியை அவிழ்க்கவில்லை. லைஸா அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஞானத்தாய் எப்போது வரும் என்று கேட்கிறாள்.

எட்வான்

*

ஃபொர்த்தலேசா
2 மே 2019

எட்வான்,

நீ தோளில் மரக்காலோடு நெடுஞ்சாலையில் நடக்கிற படம் என் போனுக்கு வந்தது. உன் பின்னால் சட்டை போட்ட கூட்டம். சட்டையில் என் முகம். நான் அக்காவிடம் காட்டினேன். ஐராசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது வலது காலாச்சே?" என்றாள்.

வலது கால்தான். கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கிறது பார். உடைந்தது இடது கால். நாலைந்து மாதம் தினமும் கழுவினாயே, எந்தக் கால் என்று தச்சனிடம் சொல்லத் தெரியவில்லையா? ஒருவேளை அவன்தான் மாற்றிச் செதுக்கினானோ என்னவோ. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் போனவன் நீ. உன்னைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவருக்கும் கண் இல்லை. அக்காவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு நான் அழுதேன், அவள் காபி போடப் போனாள்.

சிரிக்கிற விஷயம் முடிந்தது. எலும்புக்குள் சீழ் திரும்பி வந்துவிட்டது. மருத்துவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. இரண்டு வழி சொன்னார். ஒன்று, கூண்டோடு இன்னும் ஓராண்டோ இரண்டாண்டோ, நடுநடுவே அறுவை. அதற்குப் பிறகும் கணுக்கால் மடங்காது, கட்டை மாதிரி இருக்கும். "நடப்பீங்க. ஆனா கடலை மறந்துடுங்க" என்றார். இன்னொன்று, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது. செயற்கைக் காலோடு பலகையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். தன்னிடமே ஒருவர் வந்தாராம்.

எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர், ஒரு வாரம் யோசித்துவிட்டு வா என்று அனுப்பினார். யோசிக்க ஒன்றும் இல்லை. நான் மறுபடியும் தண்ணீரில் இறங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், கால் இல்லை.

உன் சம்மதம் கேட்டு எழுதவில்லை. சாமிக்கு நேர்ந்துகொண்டபோது நீ என்னைக் கேட்டாயா?

ஜண்டீரா

*

கமுருப்பிம்
4 மே 2019

ஜண்டீரா,

நோனாட்டோ அண்ணன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நான் படித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பதிலை நாளைக்கு எழுதுப்பா, இன்னைக்கு எழுதாதே" என்றார். ஒரு நாள் பொறுத்தேன். கோபம் குறையவில்லை.

உனக்குப் பைத்தியம். கால் என்ன பழைய பட்டமா, கிழிந்தால் தூக்கிப் போட? அது ஒட்டும். மெதுவாக ஒட்டும். முதலாளி சாவ்பாவ்லோவில் ஒரு மருத்துவரிடம் பேசுகிறார். என் மாமனார் நிலத்தில் அறை ஒன்று எழுப்பிக்கொண்டிருக்கிறேன், படி இல்லாமல், சக்கர நாற்காலி நேராக உள்ளே வருகிற மாதிரி. இரண்டு ஆண்டு ஆகட்டும், ஐந்து ஆகட்டும். உன்னை யார் அவசரப்படுத்துகிறார்கள்? நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றுதானே சொல்கிறேன்.

இதையும் கேட்டுக்கொள். இத்தனை நாளாக உன் மேல் இரக்கப்பட்டு நான் சொல்லாததைச் சொல்கிறேன். அந்தப் பயல் கம்பத்தில் மாட்டுவதற்கு முன்னால் நான் கரையில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். காற்று முறுக்குகிறது, வா என்று தலையில் தட்டிக் காட்டினேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு தாவு தாவினாய். கரையில் போனோடு நின்றவர்களுக்காக. அந்த நேரத்தில்தான் அவன் கத்தினான். நான் கூப்பிட்டபோதே நீ வந்திருந்தால் உன்னை இறக்கிவிட்டுத்தான் ஓடியிருப்பேன்.

மணலில் இழுபட்டபோது பட்டத்தைக் கழற்றிவிடுகிற கொக்கியை ஏன் இழுக்கவில்லை? நாம் ஒவ்வொரு மாணவனுக்கும் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. புதுப் பட்டம், விட்டால் கம்பத்தில் கிழியும் என்றுதானே? அதற்கும் நானா பொறுப்பு?

காலை எடுத்தால் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். நீ நடந்து வரும்போதெல்லாம் என்னையும் பார்ப்பார்கள். அதைத் தாங்க என்னால் முடியாது. எடுக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். வேண்டுமென்றால் மரக்காலைத் திரும்ப வாங்கி இடது காலாகச் செதுக்கிப் போடுகிறேன்.

எட்வான்

*

ஃபொர்த்தலேசா
9 ஜூன் 2019

எட்வான்,

எடுத்தாயிற்று. மூன்று வாரம் ஆகிறது. உன் கடிதம் அறுவைக்கு முன்பே வந்தது. படித்தேன். அதனால்தான் பதில் எழுதவில்லை.

நீ சொன்னது உண்மை. கூப்பிட்டாய், பார்த்தேன், இன்னொரு தாவு தாவினேன். காற்று அன்றைக்கு அப்படி இருந்தது. வருடத்தில் இரண்டு நாள் அப்படி வரும், உனக்கே தெரியும். கொக்கியையும் இழுக்கவில்லை. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை, யாரும் என்னிடம் கேட்கவில்லை. உன்னிடம்தான் எல்லோரும் கேட்கிறார்கள், நீதான் சுமக்கிறவன் ஆயிற்றே.

உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசிப் பகுதியை. என்னையும் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். கால் என்னுடையது, எட்வான். கூண்டு இருக்கிறவரை உனக்கு நல்லது. இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எட்வான் கழுவுகிறான், எட்வான் தூக்குகிறான், சாமி பார்த்துக்கொள்வார். என் காலின் மேல் ஏறி நின்று நீ புனிதர் ஆகிக்கொண்டிருந்தாய். நான் அதை உனக்குக் கீழிருந்து உருவிவிட்டேன், அதுதான் உன் கோபம்.

அறுவை முடிந்த நாலாம் நாள் சட்டைக்காரர்கள் பேனரோடு வந்தார்கள். வார்டுக்குள்ளேயே கைதட்டினார்கள். பக்கத்துப் படுக்கையில் புருஷன் வெட்டின பெண் ஒருத்தி, அவளைப் பார்க்க ஒரு ஆள்கூட வரவில்லை. அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். "எட்வான் அண்ணன் கீழே வண்டியிலதான் இருக்கார், மேல வரச் சொல்லவா?" என்று ஷிக்கோ கேட்டான். வேண்டாம் என்று சொன்னேன். கீழே எவ்வளவு நேரம் இருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

வலி இருக்கிறது. இல்லாத பாதத்தில் அரிப்பு இருக்கிறது. சொறிய முடியாத இடத்தில் சொறியச் சொல்லி ஐராசியை எழுப்புகிறேன், அவள் படுக்கை விரிப்பைச் சொறிகிறாள். அதுவே கொஞ்சம் அடங்குகிறது.

ஜண்டீரா

*

கமுருப்பிம்
20 ஜூலை 2019

கொமாத்ரே,

இப்படிக் கூப்பிட இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. மகளின் ஞானத்தாயை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கீழே சாயங்காலம்வரை இருந்தேன். நோனாட்டோ அண்ணன் கோழி எல்லாம் இறக்கிவிட்டு வந்து, "மேல போறியா, ஊருக்குப் போறியா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார். ஊருக்கு என்றேன்.

பல தடவை எழுதிக் கிழித்தேன். நீ எழுதியதில் எது சரி, எது வெறும் வன்மம் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. மார்லூசியாவிடம் படித்துக் காட்டினேன். அவள் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டே, "ரெண்டும்தான்" என்றாள்.

அறை முடிந்துவிட்டது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறேன். முதலாளியும் ஒரு வேலை சொல்லியிருக்கிறார். வரவேற்பு மேசை. வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொண்டு நாலு வார்த்தை பேசினால் போதும். உன்னைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள் என்கிறார். வெயில் படாத இடம், மின்விசிறி உண்டு. முந்திரி பூத்திருக்கிறது. காற்று தொடங்கிவிட்டது.

ஒரு வார்த்தை சொல். அன்றைக்கு நான் அங்கே நிற்காததற்கு என்னை மன்னிப்பாயா, மாட்டாயா? மாட்டேன் என்றாலும் சொல். எனக்கு உறக்கம் இல்லை.

எட்வான்

*

கமுருப்பிம், அம்மா வீடு
13 அக்டோபர் 2019

எட்வான்,

உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெருதான். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் வந்தால் உன் மகள் முன்னால் வாயில் வரக்கூடாதது வந்துவிடும். மார்லூசியாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஊருக்கு வந்ததிலிருந்து நான் நடக்கப் பழகுவதைத்தான் எல்லோரும் பார்த்தீர்கள். ஃபொர்த்தலேசாவில் நீச்சல் குளத்தில் பலகையோடு பழகியதை நீங்கள் பார்க்கவில்லை. தண்ணீருக்கென்றே ஒரு கால் செய்து வாங்கியிருக்கிறேன். அது அழகாக இல்லை. செய்து கொடுத்தவர், உப்பு ஏறினால் திருகு துருப்பிடிக்கும், நல்ல தண்ணீரில் கழுவு என்று சொல்லிக் கொடுத்தார். கழுவுவதில் எனக்கு அனுபவம் இருக்கிறது என்று சொன்னேன்.

நேற்று சின்னப் பட்டத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். காற்று மிதமாக இருந்தது. கயிறு விரித்தேன், ஒவ்வொன்றாகப் பார்த்து மாட்டினேன். ஷிக்கோ வந்தான், பட்டத்தைத் தூக்கிப் பிடித்தான். விடு என்று நான் கட்டை விரலைக் காட்டினேன். அவன் விடவில்லை. என்னைப் பார்த்தான், காலைப் பார்த்தான், மெதுவாகப் பட்டத்தை மணலில் கவிழ்த்து வைத்துவிட்டான்.

"என்னடா?"

"உன்னை ஏத்திவிட்டது எட்வான் அண்ணன். அவர் இன்னும் உன்னை இறக்கலையே. அவர் சொல்லாம நான் எப்படித் தொடுறது?"

"அது போன வருஷம்டா லூசு. நான் ஆஸ்பத்திரியில இறங்கிட்டேன்."

"இருக்கட்டும் ஜண்டீரா. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

அடுத்து நின்ற வாண்டர்லேயைக் கேட்டேன். அவன் வயிறு சரியில்லை என்று கிளம்பிவிட்டான். நம் பள்ளிக்கூடத்தின் மற்றப் பையன்கள் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேர் மார்பிலும் என் முகம். ஒருவன் கையும் நீளவில்லை. கடைசியில் ஒரு சுற்றுலாக்காரியிடம் கேட்டேன். அவள் தூக்கப் போனபோது ஷிக்கோ ஓடிவந்து அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். கன்னத்தை.

பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏற்றியவன்தான் இறக்கணும் என்பது எனக்குத் தெரியும். இறக்காதவளை வேறு யாரும் ஏற்றக்கூடாது என்று ஒரு வழக்கம் இந்தக் கடற்கரையில் எப்போது வந்தது? நீ சொன்னாயா?

சொல்லவில்லை என்றால் நாளைக்கு வந்து பட்டத்தைப் பிடி. ஒரே ஒரு தடவை ஏற்றிவிடு, நின்று இறக்கு. அதோடு உனக்கும் எனக்கும் நேராகிவிடும். நீ கேட்ட வார்த்தையை அங்கேயே மணலில் வைத்துச் சொல்கிறேன்.

ஜண்டீரா

*

கமுருப்பிம்
14 அக்டோபர் 2019

ஜண்டீரா,

ஆமாம், நான்தான் சொன்னேன். காற்றுக்காலம் தொடங்கிய அன்றே கடற்கரையில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். நமக்கெல்லாம் முன்னால் கடலில் இருந்தவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள் என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னேன். நம்பிவிட்டார்கள்.

நீ விழுந்ததை நான் பார்க்கவில்லை என்று ஊரே நினைக்கிறது. நீயும் அப்படித்தான் நினைக்கிறாய். பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில், அந்த ஆளின் கழுத்திலிருந்து கயிற்றைப் பிரித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தேன். நீ மணலில் வருவது தெரிந்தது. கட்டுமரம் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்தது. கயிற்றை விட்டால் அவன் செத்துவிடுவான், அதனால் விடவில்லை. அந்தச் சத்தம் அவ்வளவு தூரத்திலும் கேட்டது. இன்னொரு முறை என்னால் அதைக் கேட்க முடியாது. உனக்குத் தைரியம் இருக்கலாம். எனக்கு இல்லை.

இன்றைக்கு வர மாட்டேன். எந்த நாளும் வர மாட்டேன். நான் உயிரோடு இருக்கிறவரை இந்தக் கடற்கரையில் உன் பட்டத்தை ஒருவனும் தொட மாட்டான். நீ என்னை வெறுத்தாலும் பரவாயில்லை. வெறுத்துக்கொண்டே இரு, கரையில் இரு, முழுசாக இரு.

முழுசாக என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை அடித்து அழிக்கவில்லை. நான் சொல்ல வந்தது உனக்குப் புரியும்.

அறைச் சாவியை மார்லூசியாவிடம் கொடுத்திருக்கிறேன். வரவேற்பு மேசை இன்னும் உனக்காகத்தான் இருக்கிறது.

எட்வான்

*

பார்ரா கிராண்டே, பியாவி
19 ஜனவரி 2020

எட்வான்,

நான் எங்கே போனேன் என்று அம்மா சொல்லியிருக்க மாட்டாள். சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். இப்போது தெரிந்தாலும் பரவாயில்லை. பக்கத்து மாநிலத்தில் இருக்கிறேன், ஒரு தங்கும் விடுதியில் காலையில் மரவள்ளி மாவில் தப்பியோக்கா அடை சுடுகிறேன். நன்றாக வரவில்லை. ஓரம் கருகுகிறது. விடுதிக்காரி, "பொறுமையா திருப்பும்மா, அது எங்கயும் ஓடிப்போகாது" என்கிறாள்.

இங்கே யாரும் என் முகம் போட்ட சட்டை போடுவதில்லை. முதல் சில நாள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பிறகு ஒரு நாள் விடியற்காலையில், ஆள் குறைவாக இருந்தபோது, பட்டத்தை விரித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவனைப் பிடிக்கச் சொன்னேன். பிரெஞ்சுக்காரன் என்று நினைக்கிறேன். அவன் என் காலைப் பார்க்கவில்லை. கயிறுகளைப் பார்த்தான். ஒன்று முறுக்கியிருக்கிறது என்று விரலால் காட்டினான். சரி பண்ணினேன். தலையை ஆட்டினான், விட்டான். அவ்வளவுதான். இதற்காகத்தான் ஒரு வருடம்.

தண்ணீரில் எப்படி இருந்தது என்று கேட்பாய், அதனால் பொய் சொல்லாமல் சொல்கிறேன். நன்றாக இல்லை. முன்னைப் போல இல்லவே இல்லை. பலகையில் எழுந்து நிற்பதற்குள் பல தடவை முகம் குப்புற விழுந்தேன். கால் இருக்கிற இடத்துக்கும் இருப்பதாக நான் நினைக்கிற இடத்துக்கும் ஒத்துப்போகவில்லை. எழுந்து நின்றபோது கொஞ்ச தூரம்தான் போனேன். தாவவில்லை, தாவ முடியாது, இனி முடியுமா என்றும் தெரியாது. தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை, நான் ஆசைப்பட்டது போலவும் நடக்கவில்லை.

கரைக்கு வந்தபோது அந்தக் கிழவன் இல்லை. காபி குடிக்கப் போயிருப்பான். தலையில் தட்டிக் காட்டினேன். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண் நாயை விட்டுவிட்டு ஓடிவந்து பட்டத்தைப் பிடித்தாள். ஏற்றியது ஒருவன், இறக்கியது ஒருத்தி. இரண்டு பேர் பெயரும் எனக்குத் தெரியாது. யாரும் கைதட்டவில்லை. அவள் நாயைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு பல நாள் இறங்கிவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடுகிறது.

உறக்கம் இல்லை என்று எழுதியிருந்தாய். மன்னிப்பாயா என்று கேட்டாய். நான் மணலில் சொல்கிறேன் என்றேன், நீ வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு நீ அங்கே நிற்காததை ஆஸ்பத்திரியில் கண் திறந்த முதல் வாரத்திலேயே மன்னித்துவிட்டேன். ஒரு உயிர் அங்கே, ஒரு கால் இங்கே. நீ திரும்பிப் பார்த்தும் கயிற்றை விடவில்லை என்று எழுதினாயே, நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். நான் உன் வீட்டில் சோறு தின்றது அதனால்தான். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ எனக்குச் செய்த நல்லதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முயற்சி பண்ணிப் பார்த்தேன். அந்த உப்புநீரும் உன் முறுக்கின காதும் நினைவுக்கு வரும்போது மனம் இளகுகிறது. உடனே அந்தக் கடற்கரையில் அத்தனை பேரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வருகிறது. இரண்டையும் செய்தது ஒரே ஆள். உன்னோடு எனக்கு இனி வழி இல்லை.

அந்த அறையில் மார்லூசியாவின் அப்பாவைக் கொண்டுவந்து வை. அவருக்கு முட்டி வலி, படி ஏற முடியவில்லை என்று நான் அங்கே இருந்தபோதே சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் சொல்லி அந்தப் படத்தை விளம்பரத்திலிருந்து நீக்கச் சொல். நீக்காவிட்டால் நானே அவர்களுக்கு எழுதுவேன்.

பள்ளி விடுமுறைக்கு லைஸாவை அனுப்பு. அவளுக்கு நான் ஞானத்தாய், அது மாறாது. நோனாட்டோ அண்ணனிடம் கேட்டால் இந்தப் பக்கம் வருகிற நல்ல ஓட்டுநர் ஒருவரைப் பிடித்துக் கொடுப்பார். மார்லூசியா கூட வந்து விடட்டும், நாலு நாள் தங்கட்டும்.

நீ வர வேண்டாம்.

ஜண்டீரா